கொற்கையில் வேன் சிக்கியது

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. பெர்த்தில் இருபது வருஷமாக இருக்கும் அத்தானுக்கு அது காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. அதில் அக்காவையும் மருமகனையும் ஏற்றிக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் காட்டுக்குள் குவாலியா என்ற ஊருக்குப் போய்வந்த கதையை, இந்த முறை தூத்துக்குடிக்கு வந்து இறங்கியதிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

தங்கச் சுரங்கத்தை நம்பிப் பிறந்த ஊர் அது. 1898இல் அங்கே மேனேஜராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் என்ற இளைஞர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். 1963 டிசம்பர் கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊரில் மூன்று வாரத்தில் மிஞ்சியது நாற்பது பேர்தான். தகர வீடுகள் இன்னும் நிற்கின்றன. "சட்டி பானையக்கூட எடுக்காமப் போயிருக்கான் மாப்ளே" என்பார் அத்தான், ஒவ்வொரு தடவையும் அதே வியப்போடு.

நம்ம பக்கம் இப்படி ஓர் ஊர் உண்டா என்று அக்கா கேட்டாள். மருமகன் உடனே தனுஷ்கோடி என்றான், யூடியூபில் பார்த்திருக்கிறான். தனுஷ்கோடி 1964 புயலில் போன ஊர். செல்வம் விளைந்து, பிறகு அது கைவிட்டுப் போன ஊர்தான் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்றேன். வாடகை வேன் ஒன்று பேசினோம். கட்டில் இல்லை, அடுப்பு இல்லை. அரைக் கிலோ மக்ரூன் இருந்தது.

திருச்செந்தூர் சாலையில் ஊர் எல்லை தாண்டும்போதே உப்பளங்கள். முள்ளக்காடு வரைக்கும் அத்தானுக்கு முத்துக்குளிப்பு பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். தங்கம் பூமிக்குள் ஒரே இடத்தில் கிடக்கும், தோண்டத் தோண்டக் குறையும். முத்துச் சிப்பி அப்படியல்ல. கடலடியில் பார் என்று சொல்லும் பாறைத் திட்டுகளில் சில வருஷம் கோடிக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். அடுத்த தடவை போய்ப் பார்த்தால் வெறும் மணல். பத்து இருபது வருஷம் எட்டிப் பார்க்காது, பிறகு ஒருநாள் வரும். இந்தக் கரையில் கடைசியாக நன்றாக வந்தது 1955 முதல் 1961 வரை. அதோடு சரி. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் மூச்சை அடக்கிக் கடலுக்குள் போய் முத்து எடுப்பது திரும்ப வரவில்லை. இப்போது குளிப்பவர்கள் சங்குக்காகக் குளிக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைக்கு வளையாகப் போகிறது.

மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் மரிச்சுக்கட்டி என்று ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்தில் குளிப்பு அறிவித்தால் வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழும். 1905இல் அங்கே கூடியது பல்லாயிரம் பேர். அழுகும் சிப்பியின் நாற்றம் மைல்கணக்கில் வீசும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி ஒருவர் உண்டு. அவருக்கும் சிப்பியில் பங்கு. சில வாரத்தில் குளிப்பு முடியும். ஓலையைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். குவாலியா ஒரு தடவை காலியானதற்கே அத்தான் இத்தனை வியக்கிறார்.

பழையகாயலில் இறங்கி டீ குடித்தோம். மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதிய துறைமுகம் இதுதான் என்றார் பிஷப் கால்டுவெல். சீனப் பீங்கான் ஓடுகள் இங்கே சிதறிக் கிடப்பதை அவரே பார்த்திருக்கிறார். இல்லை, அது நாங்கள்தான் என்று காயல்பட்டினத்தார் சொல்வார்கள். இதில் தீர்ப்புச் சொன்னால் ஏதோ ஒரு ஊரில் எனக்கு டீ கிடைக்காது, ஆகவே விட்டுவிடுகிறேன். அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய கரை. இன்றைக்கு இங்கே அணு உலைகளுக்கான சிர்கோனியம் செய்கிறார்கள்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் போனோம். கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அண்டிரிக் பாதிரியார் வாழ்ந்த ஊர். போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தக் கரைக்கே தலைமை. இது காலியான ஊர் இல்லை. படகும் வலையுமாக உயிரோடுதான் இருக்கிறது. அத்தானுக்கு ஏமாற்றம். பாழடைந்தது எங்கே என்று கேட்டார்.

வந்த வழியே திரும்பி, முக்காணிப் பக்கம் மெயின் ரோட்டை விட்டு மேற்கே போனால் வாழை, வாழை, இன்னும் வாழை. நடுவில் கொற்கை.

தாலமியும் பெரிப்ளூஸ் என்ற பழைய கடல்வழி நூலை எழுதிய பெயர் தெரியாத மாலுமியும் கொல்கோய் என்று குறித்த ஊர். பாண்டியரின் முத்துத் துறை. மரண தண்டனை பெற்ற கைதிகளை விட்டு முத்தெடுத்தார்கள் என்கிறது பெரிப்ளூஸ். ரோமாபுரிப் பெண்களின் காதுக்குப் போன முத்துக்கு மூச்சடக்கியவன் யார் என்று அதில் ஒரு வரி இருப்பதே பெரிது. 1968-69இல் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785ஐ ஒட்டியது. தாழிகள், சங்குத் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. அத்தானின் தங்கமும் இங்கே உண்டு. பக்கத்திலேயே அக்கசாலை. அக்கசாலை என்றால் பொன் வேலையும் நாணயம் அடிப்பதும் நடந்த பட்டறை. கண்ணகிக்குச் சாந்தியாக, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது சிலப்பதிகாரம். ஆயிரம் என்பது காவியக் கணக்காக இருக்கட்டும். அந்தப் பழிக்கு இந்த ஊரைக் குறித்தார்களே, அது சும்மா இருக்காது.

இப்போது இருப்பது சில தெருக்கள், ஒரு பெரிய குளம், வெற்றிவேல் அம்மன் கோயில், ஒரு வன்னிமரம். மரத்துக்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊரார். பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்ட அடிமரம். அதில் யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் ஆள் இல்லை. ஆடு ஒன்று வேனை முகர்ந்து பார்த்தது. தாமிரபரணி வருஷா வருஷம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, கடலைத் தள்ளித் தள்ளி ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோய்விட்டது. குவாலியாவை விட்டு மக்கள் போனார்கள். இங்கே மக்கள் இருக்கிறார்கள், கடல் போய்விட்டது. ஊரின் பெயரும் எழுந்து போய்விட்டதோ என்னவோ, ஜோ டி குருஸ் தூத்துக்குடியின் கதையை எழுதிவிட்டு அதற்குக் 'கொற்கை' என்று பெயர் வைத்தார்.

குளத்தங்கரையில் வேனைத் திருப்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அத்தான் பெர்த் அனுபவத்தையெல்லாம் காட்டினார், சக்கரம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. வாழைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் டிராக்டரோடு வந்தார். வடத்தைக் கட்டி இழுத்துப் போட்டுவிட்டுப் பணம் வாங்க மறுத்துவிட்டார். மக்ரூன் எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, கப்பல் எங்க வந்து நின்னிருக்கும்?" என்றேன்.

"இந்தா, வண்டி பொதைஞ்சுதுல்லா, இங்கனதான்" என்று சிரித்தார். வாழைக்குக் குழி எடுத்தால் இன்னமும் சிப்பி வரும் என்றார். காலால் மண்ணைத் தள்ளி ஒன்றை எடுத்து மருமகன் கையில் போட்டார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வெளுத்து, ஓரம் உதிர்ந்து போயிருந்தது. அவன் அதைத் தொடையில் தேய்த்துவிட்டு, உள்ளே பார்த்தான்.

இப்போது உங்கள் ஊரில் யாராவது கடலுக்குப் போகிறார்களா என்று அத்தான் கேட்டார்.

"அய்யய்ய. ஒருக்கா புன்னைக்காயல்ல ஒரு சேக்காளி படகுல ஏத்திட்டான். கரை ஏறுற வரைக்கும் வாந்தி" என்றார் கொற்கைக்காரர்.