காடைத் தீவனமும் காய்கறிக் கழிவும்

கொச்சி நகரின் தென்கோடியில், காயற்கரையை ஒட்டி அமைந்துள்ளது இடக்கொச்சி. பசுவைக் கட்டுவதற்கு இடம் போதாத சிறு முற்றத்திலும் அங்கே ஒரு காடைக் கூண்டை வைத்துவிடலாம். ஆனால், காடை வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. மறுபுறம், நகரச் சந்தைகளில் முட்டைக்கோசு இலையும் பூக்கோசுத் தண்டும் நாள்தோறும் குவிகின்றன. குப்பை மலிந்தால் நேரும் கேட்டினை, 2023 மார்ச் 2ஆம் நாள் தீப்பற்றிப் பத்து நாட்களுக்கும் மேலாகப் புகைந்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு உணர்த்தியது. கழிவைப் புளிக்கவைத்துக் காடைக்கு ஊட்டினால் இவ்விரு தொல்லைகளும் ஒருங்கே நீங்கும் என்ற கருத்து எழுவது இயல்பே. அதில் உண்மை உண்டு. எனினும், பாதி உண்மையே உண்டு.

1974ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை ஆறேழு வாரங்களிலேயே முட்டையிடத் தொடங்குகிறது. 150 கிராம் எடையுள்ள பேடு ஏறத்தாழ நாள்தோறும் 10 கிராம் முட்டையொன்றை இடுகிறது. இது அதன் உடல் எடையில் பதினைந்தில் ஒரு பங்காகும். கோழி முட்டையோ கோழியின் எடையில் முப்பதில் ஒரு பங்களவே. இத்துணை கடுமையாக உழைக்கும் பறவைக்குத் தீவனத்தில் சுமார் 20 சதவிகிதம் புரதமும் 3 சதவிகிதம் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வெறும் இலையும் தோலும் இவற்றை அளிக்க மாட்டா.

புளிக்கவைத்தலின் பயன் யாது? நறுக்கிச் சற்று வாட்டிய கழிவுடன் தவிடும் வெல்லப்பாகும் கலந்து, காற்றுப் புகாத கலத்தில் அழுத்தி மூடினால், லாக்டிக் அமிலம் தோன்றி அழுகலைத் தடுக்கிறது. மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் செய்யும் முறையே இது. எதையும் உலர்த்துவதற்கு அரிதான கொச்சியின் மழைக்காலத்தில் இது பெரும் உதவியாகும். ஆயினும், இது கழிவைக் காக்கிறதேயன்றி, இல்லாத புரதத்தைப் படைப்பதில்லை. நார்ப்பொருளையும் பெரிதும் கரைப்பதில்லை. பசுவுக்குள்ள அசையூண் இரைப்பை காடைக்கு இல்லை என்பதை மறத்தலாகாது.

கணக்கையும் நோக்குதல் வேண்டும். நூறு காடைகள் நாளொன்றுக்குச் சுமார் 2.5 கிலோ தீவனம் உண்ணும். அதில் பத்தில் ஒரு பங்கான 250 கிராமைக் கழிவிலிருந்து பெறுவதாகக் கொள்வோம். காய்கறியில் பத்தில் ஒன்பது பங்கு நீராதலின், அதற்குத் தேவையான பச்சைக் கழிவு 2.5 கிலோவே. ஒரு டன் கழிவைத் தீர்க்க 40,000 காடைகள் வேண்டும்! ஆகவே, நகரக் குப்பையை ஒழிக்கும் பொறுப்பைக் காடையின் தலையில் சுமத்துவது தகாது. சந்தைக் கழிவின் பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகவோ, எரிவாயுவாகவோ, உரமாகவோ மாறுவதே முறை. காடைக் கூண்டுக்கு உரியது அடுக்களையின் தூய கழிவு மட்டுமே.

குறையும் சத்தினை அவ்வட்டாரத்திலேயே தேடலாம். வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சலைக் கழுவிப் பொடித்தால் சுண்ணாம்புச் சத்துக் கிட்டும். அடுத்துள்ள அரூர் கடலுணவு ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற ஊர். மீன் கழிவை அமிலத்தால் பதப்படுத்தித் தீவனமாக்கும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்துள்ளது. எனினும், அளவு மிகுந்தால் முட்டையில் மீன் வாடை ஏறும்.

விரிவாக்க ஊழியர் எச்சரிக்க வேண்டியவை சில உள. பூசணம் பிடித்த கழிவையும் பச்சை நிறமேறிய உருளைக்கிழங்குத் தோலையும் விலக்குதல் வேண்டும். புளிக்கவைத்தல் பூச்சிமருந்தின் நச்சை நீக்கிவிடும் என நம்பியிருத்தலாகாது. கலத்தைத் திறக்கையில் இனிய புளிப்பு மணம் வீச வேண்டும். நாற்றம் வீசினால் அது தீவனமன்று. ஈரத் தீவனத்தில் மீந்ததை அன்றே அகற்றிவிடல் நலம்.

பள்ளி ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. இருபது காடைகளை இரு கூண்டுகளில் சமமாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான தீவனமும் மற்றதற்குக் கழிவு சேர்ந்த தீவனமும் அளித்து, நான்கு வாரங்களுக்கு முட்டைகளை எண்ணி எடையிட்டு மாணவர் குறித்துவரட்டும். முட்டை குறையாமல் செலவு குறைந்தால் முறை வெற்றி பெற்றதாகும். முட்டை குறைந்தாலோ, மிச்சமெனத் தோன்றிய பணம் ஏழைக் குடும்பத்தின் வருவாயிலிருந்தே கழிந்துவிடும். மிஞ்சிய கழிவு எவ்வளவு குறைந்தது என்பதன்று, முட்டைக் கூடை எவ்வளவு நிறைந்தது என்பதே இம்முறைக்கு உரைகல்லாகும்.