வளர்ந்தோருக்கும் உண்டு ஆட்டிசம்!

ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் தேதி உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைய கூட்டங்களிலும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே பேசப்படுகிறது. அக்குழந்தைகள் வளர்ந்து, அலுவலகம் சென்று, வாடகை செலுத்தி வாழ்கிறார்கள் என்பது ஏனோ பலரது நினைவுக்கு வருவதில்லை. அவ்வாறு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமைந்துள்ள வேறுபாடு. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணரும் விதமும், பிறரது குறிப்பை அறியும் விதமும் எங்களுக்கு மாறுபடுகின்றன. வாழ்நாள் முழுவதும் பிறர் துணை தேவைப்படுவோரும் எங்களில் உண்டு. எனவே, என் வழிமுறைகள் அனைவருக்கும் பொருந்திவிடா, சிலருக்கேனும் பயன்படக்கூடும்.

முதலாவது, மறுநாளின் பணிகளை முந்தைய இரவே நேரவாரியாக எழுதி வைக்கிறேன். வழக்கமான பேருந்து வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதில் குறித்துக்கொள்கிறேன். எதிர்பாராத மாற்றமே என்னை நிலைகுலையச் செய்வது. மாற்றுவழி கையில் இருந்தால் பதற்றம் தணிகிறது.

இரண்டாவது, இரைச்சலைத் தவிர்க்கிறேன். கூட்டம் குறைந்த காலை நேரத்தில் கடைக்குச் செல்கிறேன். மேளம் முழங்கும் முகூர்த்த வேளையில் மண்டபத்துக்குச் செல்வதற்குப் பதிலாக, இரண்டு நாள் முன்னதாகவே திருமண வீட்டுக்குச் சென்று வாழ்த்திவிடுகிறேன்.

மூன்றாவது, வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பெறுகிறேன். 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்றால் எதை, எப்போதுக்குள் முடிப்பது என்பது எனக்கு விளங்காது. புரிந்துகொண்டதை எழுதி அனுப்பி, ஒப்புதல் பெற்ற பிறகே பணியைத் தொடங்குகிறேன்.

முதல் இரண்டும் என் கையில் உள்ளவை. மூன்றாவதற்குப் பிறரது ஒத்துழைப்பு வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், எழுத்தில் கேட்பது மேலதிகாரியை நம்பாத செயலாகக் கருதப்பட்டது. சத்தம் குறைந்த இருக்கையைக் கேட்டபோது, 'ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்' என்று மறுத்தார்கள். எல்லோரையும்போல நடித்தே நாளைக் கடத்தியதில் உடலும் மனமும் சோர்ந்து, வேலையை விட்டேன்.

சட்டம் இவ்வாறு கைவிரிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் அடங்கும். அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவினருக்குச் சேர்த்து வழங்கப்பட்டுள்ளது. மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளை அரசு நிறுவனங்கள் செய்துதர வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு.

இடஒதுக்கீடு பணியில் சேர்வதற்கு உதவும். அப்பணியில் நீடிப்பதற்கு இத்தகைய வசதிகளே உதவும். எழுத்தில் ஓர் உத்தரவுக்கும் ஓரமாக ஓர் இருக்கைக்கும் பெருஞ்செலவு ஆவதில்லை. 'எல்லோரும் கேட்பார்கள்' என்பதுதான் அச்சமென்றால், நிறுவனமே முந்திக்கொண்டு எல்லோரிடமும் கேட்டுவிடலாம். 'நன்கு பணியாற்ற உங்களுக்கு என்ன வசதி தேவை?' என்ற ஒரு கேள்வியைப் பணியில் சேரும் நாளில் நிரப்பும் படிவத்தில் சேர்த்தால் போதும். தன் குறைபாட்டை வெளியே சொல்லத் தயங்குபவர்கூட அக்கேள்விக்கு விடை எழுதுவார்.