பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி: விலை ஏறும் நேரத்தில் வாங்கலாமா?

கோவிட் காலத்தில் இல்லிருப்புக் கற்றலுக்காக அவசரமாக வாங்கிய மடிக்கணினிகள் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்னமும் பயன்பாட்டில் உள்ளன. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தேநீர் கலக்கி வந்தாலும் திரை தயாராகியிருக்காது. எஸ்பிஎம் எழுதப்போகும் பிள்ளை புதியது கேட்கும்போது, மாதச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும் பெற்றோருக்குத்தான் சங்கடம்.

இந்த மந்தத்திற்குப் பல வேளைகளில் காரணம் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். அதில் ஒரு தட்டு சுழன்று, ஊசி போன்ற முனை தகவலைத் தேடிப் பிடிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது; தகவல் நினைவகச் சில்லுகளில் இருக்கிறது. அதை மாற்றினாலே பத்து வயதுக் கணினியும் அரை நிமிடத்திற்குள் எழுந்து நிற்கும்.

2023-இல் நினைவகச் சில்லுகள் தேவைக்கு மேல் குவிந்து கிடந்ததால், 240 ஜிபி எஸ்எஸ்டி நூறு ரிங்கிட்டுக்குள் கிடைத்தது. நட்டத்தைக் குறைக்க உற்பத்தியாளர்கள் உற்பத்தியை வெட்டினர். பின்னர் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்கின. 2025 இறுதியில் விலை வேகமாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில், பொதுப் பயனீட்டாளர்களுக்கான தனது குருஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரோன் அறிவித்தது. லாபம் தரவு மையங்களில் இருக்கும்போது, ஒரேயொரு எஸ்எஸ்டி வாங்கும் குடும்பம் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

இதில் நமக்கு ஓர் உறுத்தல் உண்டு. மைக்ரோனும் சான்டிஸ்க்கும் எஸ்எஸ்டி தயாரிக்கும் இடங்களில் ஒன்று பினாங்கின் பத்து காவான். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் வியர்வை சிந்திய மண் அது. ஜொகூரில் எழும் தரவு மையங்களுக்கும் இதே சில்லுகள்தான் தேவை. பொருள் இங்கே உருவாகிறது. விலையோ உலகச் சந்தையில் முடிவாகிறது.

அப்படியானால் இப்போது வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் மூன்றைப் பார்த்த பிறகு.

முதலாவது, கணினியின் வயது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தியது தேவை. அதற்கும் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி வேகம் தரும், பாதுகாப்பைத் தராது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். பிறகு லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்திற்கு மாறலாம்.

இரண்டாவது, பொருந்தும் வகை. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா வகையே பொருந்தும். விலை கூடிய என்விஎம்இ வகையைப் பொருத்த அவற்றில் இடமே இருக்காது. கணினியின் மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். பள்ளி வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். 1 டிபி தேவையில்லை.

மூன்றாவது, போலிகள். இணையச் சந்தையில் '16 டிபி, ஐம்பது ரிங்கிட்' என்று வருபவை ஏமாற்று வேலை. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை வைத்து, கணினிக்குப் பொய்க் கொள்ளளவைக் காட்டுகிறார்கள். கோப்புகளை நிரப்பிய பிறகுதான் அவை அழிந்து போவது தெரியும். அறிந்த நிறுவனத்தின் பொருளை, மூன்றாண்டு உத்தரவாதத்துடன், ரசீது கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கைவிரித்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்யலாம். அங்கே ரசீதுதான் பேசும்.

மாற்றுவதற்கு முன் படங்களையும் பாடக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்பது கட்டாயம்.

கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானது, மந்தம் மட்டுமே குறை என்றால், விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. எஸ்பிஎம் தேர்வு நமக்காகத் தள்ளிப்போகாது. சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும், புதிய மடிக்கணினியின் விலையில் அது சிறு பங்குதான். தகுதியில்லாத கணினி என்றால், அந்தப் பணத்தைப் புதியதற்கான சேமிப்பில் போடுவதே நல்லது.