பலகைக்கு எங்கே போவது?

“அண்ணே, மைக்ரோசாஃப்ட் தடை நம்மையும் அடிக்குமா?” என் மேசைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். 2023 நவம்பர் 12 முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களில் அனுமதி பெறாத துணைக்கருவிகளுக்கு இடமில்லை. செருகினால் திரையில் எச்சரிக்கை, சில நாள் தவணை, அப்புறம் முடக்கம். இந்த இதழ் இதில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

பழைய கன்சோல்களுக்கு கன்ட்ரோலர் மாற்றிச் செய்யும் நம் வேலைக்கு இன்று ஒரு கெடுதலும் இல்லை. சூப்பர் ஃபேமிகாம் லாட்ச் அடிக்கிறது, 16 துடிப்பு எண்ணுகிறது. 12 பொத்தானின் நிலை ஒழுங்காக வந்தால் சரி. பதில் சொல்வது நிண்டெண்டோ பேடா, இஎஸ்பி32 சில்லில் ஓடும் புளூரெட்ரோ மென்பொருளா என்று அது விசாரிப்பதில்லை. மெகா டிரைவும் அப்படியே: செலக்ட் கம்பியை ஆட்டும், 74எச்சி157 பதில் தரும், அவ்வளவுதான். வாசலில் காவலாளி இல்லாத வீடுகள். என்ன, உள்ளே வருகிறவர் பார்த்து வரவேண்டும். பிளக் நுழைகிறதே என்று மெகா டிரைவ் பேடை கொமடோர் 64இல் செருகி, சிஐஏ சில்லைக் காவு கொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

இணைய ஆட்டங்களில் குறி உதவிப் பெட்டி வைத்து ஏமாற்றுகிறவர்களுக்காக யாரும் அழவேண்டாம். ஆனால் அவர்களுக்கு வீசிய வலையில், தனக்கேற்ற ஸ்டிக்கை அடாப்டர் வழியாக இணைத்து ஆடிய உடற்குறையுள்ளவர்களும் சிக்கிக்கொண்டார்கள். அந்த அளவில் இந்தத் தடை தவறு.

நம் தொழிலுக்கு அடி விழப்போவது நாளைக்கு. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலேயே, 2005இல், பேடுக்குள் அடையாளச் சில்லு வந்துவிட்டது. பிஎஸ்3 கதவைத் திறந்து வைத்திருந்தது. பிஎஸ்4இலோ அடையாளம் காட்டாத பேட் 8 நிமிடத்தில் துண்டித்துக்கொள்ளும். இவையெல்லாம் ‘பழைய கன்சோல்’ ஆகும் நாளில் லாட்ச், துடிப்புக் கணக்கு தெரிந்து பயனில்லை. உரிமம் பெற்ற பேட் ஒன்றைப் பிளந்து, அதன் மின்சுற்றுப் பலகையை நுழைவுச்சீட்டாக வைத்து, அதிலிருந்து கம்பி இழுப்பதுதான் நேர்மையான வழி. ஒரு தனிக் கன்ட்ரோலர் செய்ய ஒரு அசல் பேட் சாகவேண்டும்.

அத்தனை பேடுக்கு எங்கே போவது?

எங்கே போனோம் என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூரில், ரோச்சோர் கால்வாயோரம், சுங்கை ரோடு. லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்துவிட்டு நடந்தே போய்விடலாம். வெல்ட் ரோடு, பிட் ஸ்திரீட், பாசார் லேன், லாருட் ரோடு வரைக்கும் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். செத்த கடிகாரம், ஒற்றைச் செருப்பு, அதற்கடியில் கேபிள் அறுந்த பேடுகள். 1930களிலிருந்து இருந்த சந்தை. ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்துக்காக 2011இல் பாதியாக வெட்டினார்கள். மீதியை 2017 ஜூலை 10இல் மூடினார்கள். வியாபாரிகள் மாற்று இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. தீவு முழுக்கக் கட்டடத்துக்கு இடம் இருக்கிறது, நாலு தார்ப்பாய்க்கு இல்லை.

போன ஆண்டு, பக்கவாதத்தில் இடக்கை விழுந்த ஒரு பெரியவருக்கு சூப்பர் ஃபேமிகாம் பேட் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். ரப்பரைத் தூக்கினால் கீழே கரிப்பூச்சு. அதில் ஈயம் ஒட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தடத்தைக் கத்தி முனையால் சுரண்டி, செம்பு மின்னியதும் கம்பி வைத்து, 3.5 மி.மீ. சாக்கெட்டுகளுக்கு இழுத்தேன். நாலு திசையும் கால் விசைகளுக்குப் போயின. சாக்கெட்டும் கம்பியும் சிம் லிம் டவரில் வாங்கியவை. மஞ்சளேறிய அந்த பேட், சுங்கை ரோட்டில் 2016இல் 2 வெள்ளிக்கு எடுத்து டப்பாவில் போட்டு வைத்தது. டப்பாவில் இப்போது மூன்றுதான் மிச்சம்.

பழைய பேடுகளைச் சேகரிக்க மின்கழிவுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பட்டியலில் பிரிண்டர், மடிக்கணினி, கைபேசி, டிவி எல்லாம் உண்டு, பேட் இல்லை. ஆகவே அது புளோக்கின் குப்பைக் குழாயில் விழுந்து, எரிந்து, சாம்பலாக செமாக்காவ் குப்பை நிரப்புதளத்துக்குப் போகிறது. பட்டியலில் இருக்கும் பொருளுக்கும் பெரிய வாழ்வில்லை. சேகரிப்புப் பெட்டிக்குள் போட்டதை நீங்களோ நானோ திரும்ப எடுக்க முடியாது. உருக்கினால் மறுசுழற்சி என்று பெருமையாகப் பேசுகிறார்கள். அதே பலகையில் 12 கம்பி ஒட்டி ஒரு மனிதரை மறுபடி ஆடவைத்தால் அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆண்டுக்கணக்காக இதே பக்கத்தில் இதையேதான் எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு: சந்தையும் ஆண்டுக்கணக்காக மூடித்தான் கிடக்கிறது.

சரி, நிலைப்பாடு. அடையாளச் சில்லைப் போலி செய்யும் டாங்கிள்களுக்கு இந்த இதழில் வரைபடம் வராது. அடுத்த அப்டேட்டில் செத்துப்போகும் பொருளை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது. அசல் பலகையிலிருந்து கம்பி இழுக்கும் வேலைக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தருகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை செய்யாத பேடை எறியாதீர்கள், எக்ஸ்பாக்ஸ் ஒன், பிஎஸ்4 பேடுகளையும் சேர்த்து. அனலாக் ஸ்டிக் தேய்ந்திருக்கலாம், ஓடு உடைந்திருக்கலாம். பலகை உயிரோடு இருக்கும். கேபிள் உள்ளதென்றால் அதை அடியோடு வெட்டாமல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள்.