இழுக்காத வேக்குவம் கிளீனர்... பழுதா, அடைப்பா?

வாங்கிய புதிதில் வீட்டில் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு தள்ளிய வேக்குவம் கிளீனர், ஒன்றிரண்டு வருடங்களில் பரணுக்குப் போய்விடுவது பல வீடுகளில் நடப்பதுதான். கேட்டால், "சத்தம் மட்டும் வருது, குப்பையை இழுக்கவே மாட்டேங்குது" என்பார்கள். மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

மோட்டார் முழுதாகப் போயிருந்தால் சத்தமே வராது. சத்தம் வருகிறது, இழுவை இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று போகும் பாதையை. அந்தப் பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்கத் தெரிந்தால் போதும். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னக் கத்தரிக்கோல், அரைமணி நேரப் பொறுமை. பாதி பழுதுகள் வீட்டிலேயே சரியாகிவிடும்.

தலையணை உறையில் தொடங்கிய கதை

நின்றபடியே தள்ளும் மின்சார வேக்குவம் கிளீனரை வெற்றிகரமான பொருளாக்கியவர் ஒரு துப்புரவுப் பணியாளர். பெயர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கேன்டன் நகரில், ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. கம்பளத்தைப் பெருக்கும்போது கிளம்பும் தூசி அவரைப் படுத்தியெடுத்தது. 1907-ல் ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கைப்பிடி, தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து இயந்திரம் ஒன்றைக் கட்டினார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை ஹூவர் குடும்பம் வாங்கிக்கொண்டது. பிரிட்டனில் வீட்டைச் சுத்தம் செய்வதையே 'ஹூவரிங்' என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் பின்னாளில் பரவியது.

இன்றைய இயந்திரத்தின் அடிப்படையும் அதேதான். மோட்டாரோடு சேர்ந்த விசிறி, உள்ளே இருக்கும் காற்றை வேகமாக வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப, வெளிக்காற்று வாய்ப்பகுதி வழியாகப் பாய்ந்து வருகிறது. வரும்போது தூசியையும் முடியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பிறகு ஹோஸ் பைப், தூசிப் பை அல்லது டப்பா, ஃபில்டர், மோட்டார், வெளியேறும் துவாரம் என்று அதன் பயணம் போகிறது. இதில் எந்த இடம் அடைத்தாலும் இழுவை குறையும்.

ஸ்பாங்க்ளரின் தலையணை உறையிலேயே இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. பையின் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் காற்று வெளியேற வேண்டும். தூசி சேரச் சேர அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். 1970-களின் கடைசியில் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் டைசனை எரிச்சலூட்டியது இதுதான். காற்றைச் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் பையில்லாத கிளீனருக்காக அவர் 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். பை போனாலும் ஃபில்டர் போகவில்லை. அதனால் அடைப்புப் பிரச்னையும் முழுதாகப் போகவில்லை.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் அறை முழுக்கக் கம்பளம் விரிப்பது வழக்கம் என்பதால், நிமிர்ந்து நிற்கும் வகை அங்கே அதிகம். டைல்ஸ் போட்ட நம் வீடுகளில் நீளக் குழாய் வைத்த வகைதான் வெகுகாலம் ஓடியது. இப்போது வயரில்லாத, கையில் பிடித்துத் தள்ளும் ஸ்டிக் வகையும் வந்துவிட்டது. எந்த வகையானாலும் காற்றுப் பாதை ஒன்றுதான்.

காது சொல்லும் முதல் செய்தி

இயந்திரம் நன்றாக இருக்கும்போதே ஒரு சோதனை செய்து வையுங்கள். ஹோஸ் பைப்பின் திறந்த முனையை உள்ளங்கையால் ஒரு நொடி மூடுங்கள். சத்தம் சட்டென்று 'கீச்' என்று உயரும். தள்ளுவதற்குக் காற்றில்லாமல் விசிறியின் சுமை குறைந்து, மோட்டார் வேகமெடுப்பதால் வரும் சத்தம் அது. அடைப்பின் சத்தமும் அதுவே. கையால் மூடாமலே அந்தச் சத்தம் வந்தால் எங்கோ அடைத்திருக்கிறது. சத்தம் சாதாரணமாக இருந்து, மூடினாலும் மாறவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. பிரஷ் சுழலும் வாய்ப்பகுதியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையை வைக்கக் கூடாது.

அடுத்து, ஹோஸைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் துவாரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். அங்கே இழுவை பலமாக இருந்தால் அடைப்பு ஹோஸில். அங்கேயும் சோர்வாக இருந்தால் அடைப்பு டப்பாவிலோ ஃபில்டரிலோ. வீட்டுக்கு வரும் மெக்கானிக்கும் இப்படித்தான் இடத்தைக் கண்டுபிடிப்பார்.

இனி ஒவ்வோர் இடமாகப் பார்க்கலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் திறக்க வேண்டும். வயரில்லாத வகையில், கழற்ற முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பிரஷ் உருளையும் பெல்ட்டும்

இயந்திரத்தைத் தலைகீழாகத் திருப்பினால் முதலில் தெரிவது பிரஷ் உருளை. நம் வீடுகளில் இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று நீளமான தலைமுடி. இன்னொன்று, வாடி விழுந்த மல்லிகைச் சரத்தின் நூல். இரண்டும் உருளையில் இறுகச் சுற்றிக்கொள்ளும். இழுத்துப் பிய்க்காமல், உருளையின் நீளவாக்கில் கத்தரிக்கோலை விட்டு வெட்டினால் சுலபமாக வந்துவிடும். பிரஷ் மயிரை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கும் ஊசி வீட்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

பலரும் விட்டுவிடுவது உருளையின் இரண்டு ஓரங்களை. அங்கேதான் பேரிங் இருக்கிறது. முடி அதற்குள் புகுந்து இறுகினால், உராய்ந்து சூடேறி, பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கே உருகலாம். சுத்தம் செய்தபின் உருளையை விரலால் சுண்டிப் பாருங்கள். தடங்கலின்றிச் சுற்ற வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும் வகைகள் பலவற்றில் மோட்டாரிலிருந்து உருளைக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். மோட்டார் ஓடுகிறது, உருளை சுற்றவில்லை, கருகிய ரப்பர் வாடை வருகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது தளர்ந்து வழுக்கும். அடிப்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பெல்ட் தெரியும். கழற்றும் முன் அது போயிருக்கும் விதத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம் உதவும்.

பெல்ட் வாங்கும்போது 'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது' என்று வாங்கக் கூடாது. இயந்திரத்தின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். கொஞ்சம் பெரிதானால் வழுக்கும். சிறிதானால் பேரிங்கை இழுத்து அழுத்தும். மாட்டிய பிறகு உருளையைக் கையாலேயே சில சுற்றுகள் சுற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஹோஸில் நாணயச் சோதனை

ஹோஸைக் கழற்றி நேராகத் தூக்கிப் பிடித்து, மேல் முனையில் ஒரு ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். கீழே விழுந்தால் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. விழவில்லையா? மழுங்கிய முனையுள்ள கம்பால், ஒட்டடைக் குச்சியின் கைப்பிடி போதும், மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் ஹோஸ் கிழியும். வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்து வளைத்துப் பாருங்கள். சின்ன வெடிப்புக்கு இன்சுலேஷன் டேப் தற்காலிக மருந்து. டப்பாவின் வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் துடைத்துப் பொருத்துங்கள். அதில் ஒரு மணல் பரல் சிக்கினாலும் காற்று கசியும்.

ஃபில்டர்: நுரையீரலின் காவல்

டப்பாவில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிக் குப்பையைச் சேர விடக் கூடாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரும்பாலும் சோப்பில்லாமல் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியலாம். மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃபில்டரில், 'கழுவலாம்' என்று குறிப்பிட்டிருந்தால் மட்டுமே தண்ணீர். இல்லையென்றால் தட்டி உதறுவதோடு சரி.

கழுவிய ஃபில்டர் நிழலில் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள்கூட ஆகலாம். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும்; ஈரம் மோட்டாருக்கும் போகும். கூடுதலாக ஒரு ஃபில்டர் வாங்கி வைத்தால், ஒன்று காயும்போது இன்னொன்றைப் பயன்படுத்தலாம். 'இன்று ஒருநாள்தானே' என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது மோட்டாருக்கு வைக்கும் வேட்டு.

வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் இது இன்னும் முக்கியம். ஹெப்பா என்ற தரத்திலான ஃபில்டர், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, தரையில் படிந்திருந்த நுண்தூசி மூச்சுக்காற்றின் உயரத்துக்கு வந்துவிடும். தரை பளபளக்கும், இரவில் இருமல் கூடும். டப்பாவைக் கொட்டும் வேலையும் அவர்களுக்கு வேண்டாம். வேறொருவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, செய்தித்தாளில் கொட்டி மடித்துப் போடட்டும்.

எதையெல்லாம் உறிஞ்சக் கூடாது?

தண்ணீர்: ஈரமும் இழுக்கும் வகை என்று போட்டிருந்தால் தவிர, கூடவே கூடாது. சாம்பிராணித் தணல், கொசுவர்த்திச் சாம்பல்: உள்ளே ஒரு பொறி இருந்தாலும் டப்பாவிலுள்ள முடியும் பஞ்சும் பற்றிக்கொள்ளலாம். கோலமாவு, பெயின்ட் அடிக்கும் முன் சுவரைத் தேய்த்த தூள், சிமென்ட் தூள்: இவை ஃபில்டரை மிக விரைவில் அடைத்துவிடும். ஊக்கு, ஹேர்பின்: ஹோஸில் குறுக்கே நின்று முடியைச் சேர்த்து, அடைப்புக்கு அஸ்திவாரம் போடும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் தானாக நின்று, ஒரு மணி நேரம் கழித்துத் தானாக ஓடினால் அது பேய் வேலையில்லை. பல மாடல்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் உள்ளே வரும் அதே காற்றுதான். அடைப்பால் சூடு ஏறினால் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடைப்பை எடுங்கள். எடுத்த பிறகும் நின்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

மோட்டாருக்குள் வழக்கத்தைவிடப் பெரிய தீப்பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். வயர் கைப்பிடி ஓரத்தில் வெடித்து உள்கம்பி தெரியலாம். இவை இரண்டும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வெடித்த வயருக்கு டேப் சுற்றுவது தீர்வாகாது. வயரையே மாற்ற வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடவும் கூடாது, திறக்கவும் கூடாது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த இயந்திரம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 120 வோல்ட். இங்கே 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் சின்ன அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. செருகிய சில நொடிகளில் மோட்டார் கருகிவிடும். 12 ஆம்பியர் என்று போட்டிருக்கும் இயந்திரம் ஏறக்குறைய 1,440 வாட் கேட்கும். அதைத் தாங்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவை முதலில் கணக்குப் பாருங்கள்.

நாள்காட்டியில் குறிக்க

ஒவ்வொரு முறையும்: டப்பாவைக் காலி செய்வது, வயரை இறுக்காமல் தளர்வாகச் சுற்றுவது, பிளக்கைப் பிடித்தே பிடுங்குவது.

மாதம் ஒருமுறை: பிரஷ் உருளையில் முடி எடுப்பது, ஃபில்டரைச் சுத்தம் செய்வது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: பெல்ட், ஹோஸ், ரப்பர் வளையம், வயர் ஆகியவற்றைப் பார்ப்பது.

பரணில் ஒன்று கிடந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். புதிது வாங்க விலை பார்ப்பதற்கு முன், அந்த ஒரு ரூபாய் நாணயத்தை ஹோஸில் போட்டுப் பாருங்கள்.