பொய் வயதில் திறந்த கணக்குகள்: விளையாட்டுச் செயலிகளும் நமது பிள்ளைகளும்

சென்ற பாடசாலை விடுமுறையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து வயது மருமகன் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போனில் ஓர் ஒன்லைன் விளையாட்டில் மூழ்கியிருந்தான். இடையிடையே யாரோடோ பேசினான். "யாரோட மகன் பேசுறீங்க?" என்று கேட்டேன். "தெரியாது மாமா, டீம்ல இருக்கிறவர்" என்றான்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். பிறந்த ஆண்டு 1989 என்றிருந்தது. அது தங்கச்சியின் பிறந்த ஆண்டு. போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். "சரியான வயசப் போட்டா சில விசயம் வேலை செய்யுதில்ல நானா, புள்ள அழுதான்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நம்மில் பல வீடுகளில் நடப்பது இதுதான். ஆனால் இந்தச் சிறிய பொய்யின் விளைவு என்ன என்பதை நாம் யோசித்ததில்லை.

கணக்குத் திறக்கும்போது 13 வயது என்ற எல்லையை அடிக்கடி காண்கிறோம். அது அமெரிக்காவில் 1998இல் நிறைவேற்றப்பட்ட சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்குக் குறைந்தவரின் தகவலைத் திரட்டுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அச்சட்டம். பல நிறுவனங்கள் இதற்கு இலகுவான வழியொன்றைக் கண்டன. பிறந்த திகதியைக் கேட்பது, சொன்னதை நம்புவது. பொய் சொன்னால் பொறுப்பு சொன்னவருடையது. இப்படியாக, பிள்ளையைக் காக்க வந்த எல்லை நிறுவனத்தைக் காக்கும் கேடயமாகிப் போனது.

1989இல் பிறந்தவர் என்று பதிவான கணக்கை அச்செயலி வளர்ந்தவராகவே நடத்தும். அந்நியர் அனுப்பும் செய்தி, குரல் உரையாடல், பணம் கொடுத்துப் பொருள் வாங்குதல் போன்றவற்றில் சிறுவருக்கென்று வைத்திருக்கும் தடைகள் அந்தக் கணக்கைத் தொடுவதில்லை. பிள்ளைக்கு வழி திறந்து கொடுத்ததாக நினைக்கிறோம். உண்மையில் அவனுக்கிருந்த வேலியைத்தான் பிடுங்கியிருக்கிறோம்.

நிறுவனங்கள் அப்பாவிகள் அல்ல. போர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், மேற்சொன்ன சட்டத்தை மீறியதான குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 275 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த 2022 டிசம்பரில் இணங்கியது. சிறுவர்களுக்கும் அந்நியருடனான உரையாடல் வசதி இயல்பாகவே திறந்து விடப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. நாளொன்றுக்கு 10 கோடிக்கும் மேற்பட்டோர் நுழையும் ரொப்லொக்ஸ் மீது, சிறுவர்களைப் பாதுகாக்கத் தவறியதாக லூசியானா, டெக்சாஸ் உட்படப் பல அமெரிக்க மாநிலங்கள் 2025இல் வழக்குத் தொடுத்தன.

அழுத்தம் கூடிய பிறகு ரொப்லொக்ஸ் புதிய முறையொன்றைக் கொண்டு வந்தது. உரையாடல் வசதி வேண்டுமானால் கெமராவில் முகத்தைக் காட்ட வேண்டும், அல்லது அடையாள ஆவணம் காட்ட வேண்டும். முகத்தை வைத்து வயதைக் கணித்து, பயனரை ஆறு வயதுப் பிரிவுகளில் ஒன்றில் சேர்க்கிறார்கள். 9 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி உரையாடல் இல்லை. 2025 டிசம்பரில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2026 ஜனவரியில் உலகெங்கும் விரிவாக்கினார்கள்.

பிறந்த ஆண்டைக் கேட்டு நம்புவதை விட இது மேலானதுதான். ஆனாலும் சிறுவரை வளர்ந்தவரென்றும் வளர்ந்தவரைச் சிறுவரென்றும் கணித்த சம்பவங்கள் உடனேயே வெளிவந்தன. வயது உறுதிப்படுத்தப்பட்ட கணக்குகள் விற்பனைக்கும் வந்தன. படங்களை உடனே அழித்து விடுவதாக நிறுவனம் கூறுகிறது. அதை நாம் எப்படிச் சரிபார்ப்பது? நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையின் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

சில நாடுகள் வேறு வழியில் போயின. 2024இல் துருக்கியும் 2025இல் கட்டார், குவைத், ஈராக் ஆகியனவும் ரொப்லொக்ஸை முற்றாகத் தடுத்தன. நமது வாப்பாமார் பலர் உழைப்பது இந்த நாடுகளில்தான். டோஹாவில் வாப்பாவின் போனில் திறக்க முடியாத விளையாட்டு, இங்கே அவர் அனுப்பிய போனில் பிள்ளைக்குத் திறக்கிறது. உம்மா தனியே வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறார். ஆங்கிலத்தில் இருக்கும் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பக்கத்தை அவருக்கு யார் விளங்கப்படுத்துவது?

இலங்கையிலும் தடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அந்தச் சில நாட்களில்தான் நம்மில் பலர் விபிஎன் பாவிக்கக் கற்றோம். ஒன்றைத் தடுத்தால் பிள்ளை பிரீ பயருக்கோ பப்ஜிக்கோ போவான். ஆகவே வயது வரம்பு தேவை, அதை நிறுவனங்கள் மீது சட்டத்தால் சுமத்துவதும் தேவை. ஆனால் வீட்டுக்குள் நடக்க வேண்டியதை எந்தச் சட்டமும் செய்து தராது.

முதலாவது, பிள்ளையின் கணக்கில் வயதைச் சரிசெய்யுங்கள். மாற்ற முடியாவிட்டால் அதை மூடிவிட்டு உண்மையான வயதில் புதிதாகத் திறவுங்கள். சேர்த்து வைத்த டயமண்டும் உடுப்பும் போகும், பிள்ளை அழும். இரண்டு நாளில் ஆறிவிடும். அந்நியர் உரையாடலை நிறுத்துங்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட விடாதீர்கள்.

இரண்டாவது இதைவிட முக்கியமானது. தீய நோக்கத்தோடு வருபவன் முதலில் விளையாட்டுக்குள் பரிசு கொடுப்பான். பிறகு வாட்ஸ்அப்புக்கு அழைப்பான். பிறகு படம் கேட்பான். படம் கிடைத்துவிட்டால், "உம்மாவிடம் சொல்வேன்" என்று மிரட்டுவான். அவனுடைய ஆயுதம் நமது கோபம்தான். சொன்னால் அடி விழும், போன் பறிபோகும், மானம் போய்விட்டதென்று வீடே கத்தும் என்று பயப்படும் பிள்ளை வாய் திறக்காது. பெண் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். "என்ன நடந்தாலும் என்னிடம் சொல்லலாம், நான் ஏச மாட்டேன்" என்பதைப் பிள்ளை இன்றே கேட்க வேண்டும். அப்படி ஏதும் நடந்திருந்தால் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மாதத்தில் ஒரு மாலை தாய்மாரை அழைத்து, போனைக் கையில் வைத்தே இதைச் சொல்லிக் கொடுக்கலாம். தொழில்நுட்பம் படித்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அன்றிரவு தங்கச்சியும் நானும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து புதுக் கணக்குத் திறந்தோம். உண்மையான பிறந்த ஆண்டைப் போட்டோம். குரல் உரையாடல் இப்போது வேலை செய்வதில்லை. மாமாவோடு கோபம்தான். இருக்கட்டும்.