பச்சை என்பதும் ஒரு பூச்சே

கணினிக்குள் செருகும் வரைகலை அட்டைக்கு (கிராஃபிக்ஸ் கார்டு என்றால் உடனே புரியும்) வண்ணம் பூசுகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரிடம் ஓர் ஏளனப் புன்னகை தோன்றிவிடுகிறது. வேகம் கூடப்போவதில்லை, திரையில் படம் மேலும் துலங்கப்போவதில்லை, பிறகு எதற்கு இந்த வீண்வேலை என்கிறார்கள். அந்தப் புன்னகையில் பங்குகொள்ள நமக்கு விருப்பமில்லை.

வண்ணம் பூசப்படாத அட்டையைக் காண்பது அரிது. மின்சுற்றுப் பலகையின் பரிச்சயமான பச்சையே ஒரு பூச்சுதான். செம்புத் தடங்கள் களிம்பேறாமலும், உருகிய பற்றாசு பரவி அண்டை இணைப்புகளைத் தவறாக இணைத்துவிடாமலும் காக்க ஆலையிலேயே இடப்படும் பாலிமர்ப் படலம் அது. சிவப்பிலோ கறுப்பிலோ இட்டாலும் அட்டை அதே வேலையைத்தான் செய்யும். இயல்பு என்று நாம் நம்பியிருப்பது வெறும் வழக்கம்.

ஸ்வீடனில் 1994இல் தொடங்கிய ட்ரீம்ஹாக், டெக்ஸாஸில் 1996இல் தொடங்கிய குவேக்கான் போன்ற கூடுகைகளுக்கு விளையாட்டாளர்கள் தம் கணினிகளைத் தூக்கிச் சென்ற காலத்தை நினைத்துப் பார்க்கலாம். வெளிறிய பழுப்புப் பெட்டிகளின் வரிசையில் தன்னுடையது எது? சிலர் பெட்டியின் பக்கத் தகட்டை அறுத்து அக்ரிலிக் சன்னல் வைத்தார்கள். உள்ளிருப்பவை காட்சிப் பொருளாயின. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் வழக்கமான பெட்டியில் அட்டை படுக்கைவசமாக அமர்கிறது. நிறுவனம் அலங்கரித்த விசிறிப்பக்கம் தரையை நோக்க, கண்ணில் படுவது அதன் முதுகு.

எல்லாப் பூச்சையும் நாம் கொண்டாடவில்லை. வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய மடிப்புகளில் தடிமனாகப் பூசுவது அட்டையின் மூச்சை அடைப்பதற்குச் சமம். உலோகத் துகள் கலந்த வண்ணம் திறந்த இணைப்புகளில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படலாம். பொன்முலாமிட்ட தொடுமுனைகளைத் தொடவே கூடாது. விஷயம் தெரிந்தவர் விசிறியின் உறையையும் பின்தகட்டையும் தனியே கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மெல்லிய படலங்களாகத் தெளித்து, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் பொருளோடு அவருக்கு உண்டாகும் நெருக்கம், விலைகொடுத்து வாங்கியவுடன் வந்துவிடுவதில்லை.

இன்று கண்ணாடிப் பெட்டிகளும் ஒளிரும் அட்டைகளும் கடையிலேயே கிடைக்கின்றன. மென்பொருளில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணங்கள் உண்டு; ஆனால் நாம் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே வானவில்லைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. தனித்துவம்கூடத் தயார்நிலையில் விற்கப்படுகிறது என்பதே நமது வருத்தம்.

தானே பூசியவரின் அட்டையில் ஓர் ஓரத்தில் வண்ணம் வழிந்து, துளியாக உறைந்திருக்கக்கூடும். திருகின்மேல் இருந்த உத்தரவாத வில்லை கிழிந்திருக்கும். மறுவிற்பனைக்குக் கொண்டுபோனால் விலை குறைத்தே கேட்பார்கள். அவர் அதை விற்கக் கொண்டுபோவதில்லை.